விளையாட்டின் தலைவாசல்
கூத்துமாடத்திலிருந்து கணிப்பொறித் திரை வரை ஒரு பாடம்



"வீடியோ கேம் பற்றிச் சங்க இதழில் எழுத என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். காரணத்தைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் நுழைகிறேன்.

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைச் சில ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளும், மூணாறு, வண்டிப்பெரியாறு, குமுளி ஆகிய இடங்களிலிருந்து படிப்புக்காக வந்து தங்கியிருக்கும் பிள்ளைகளும் அதில் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், ஓய்வு நேரத்தில் கைப்பேசி. பெரும்பாலோருக்குத் தமிழ் சரளமாகப் பேச வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கும்போதுதான் தடுமாற்றம். அவர்களில் கணிப்பொறி கற்கும் மூத்த மாணவர் சிலர் ஒரு நாள் என்னிடம், "ஐயா, கண்ணகி கதையை ஒரு கேமாகச் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். செய்யலாம் என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "எங்கிருந்து ஆரம்பிப்பது?"

அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயன்தான் இந்தக் கட்டுரை. விளையாட்டின் தொடக்கக் காட்சி எப்போது பலிக்கிறது, எப்போது பலிக்காமல் போகிறது என்பதை இங்கே காண்போம். உலகப் புகழ் பெற்ற சில விளையாட்டுகளைப் பார்ப்பதோடு, நம் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ள இரண்டு பழைய தொடக்கங்களையும் பார்ப்போம். ஒன்று பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்து. மற்றொன்று இடுக்கி மலைகளோடு மரபால் இணைந்த சிலப்பதிகாரத்தின் பதிகம்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கம் என்பது அலங்காரம் அன்று. அது ஒரு தலைவாசல். உள்ளே வருபவனுக்கு அது மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டும். நான் யார்? இங்கே எது நடக்கும், எது நடக்காது? எனக்கு இழக்க என்ன இருக்கிறது? இம்மூன்றுக்கும் விடை தரும் தொடக்கம் எளிமையாக இருந்தாலும் நிற்கும். தராத தொடக்கம், கோடி ரூபாய் செலவில் செய்த படக்காட்சியாக இருந்தாலும், பிள்ளைகள் பொத்தானை அழுத்தித் தாண்டிப் போய்விடுவார்கள்.

1. கூவி அழைத்தல்

பாலக்காட்டு எல்லையில் ரயிலேறினால் வெகு நேரமாகாமல் ஷொறணூர் வந்துவிடும். அதன் அருகில் உள்ள கூனத்தறை, தோல்பாவைக்கூத்துப் புலவர்கள் வாழும் ஊர். பாலக்காடு மாவட்டத்திலும் அதை ஒட்டிய திருச்சூர், மலப்புறம் பகுதிகளிலும் உள்ள பத்ரகாளி கோவில்களில் இந்தக் கூத்து நடக்கிறது. அறுவடை முடிந்த பிறகு, ஜனவரியிலிருந்து மே வரை இதன் பருவம். பாடப்படுவது கம்பராமாயணம். மலையாளம் பேசும் ஊரில், மலையாளம் பேசும் கலைஞர்கள், கம்பனின் தமிழ்ப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் அவற்றுக்குப் பொருள் விரிக்கிறார்கள். அதனால்தான் பாவையை ஆட்டுபவருக்குப் 'புலவர்' என்றே பெயர்.

கூத்து தொடங்குமுன் கேளிகொட்டு நடக்கும். செண்டையின் ஒலி வயல்களைத் தாண்டிப் போய், இன்றிரவு கூத்து உண்டு என்று வீடுகளுக்கு அறிவிக்கும். கதை இன்னும் தொடங்கவில்லை, திரைச்சீலைகூட முழுதாக ஆயத்தமாகியிருக்காது. ஆனாலும் அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது.

வீடியோ விளையாட்டு வீட்டுக்குள் வருவதற்கு முன், காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிகளாகக் கடைகளில் நின்றது. 1980-இல் ஜப்பானில் வெளிவந்த 'பேக்-மேன்' பெட்டியின் முன் யாரும் இல்லாதபோது திரை சும்மா இருக்காது. துரத்தும் நான்கு பூதங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, அவற்றின் பெயரையும் செல்லப் பெயரையும் சொல்லும். பிறகு தானே ஆடிக்காட்டும். வழியில் போகிறவன் நின்று பார்ப்பான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டத்தின் விதி பாதி புரிந்துவிடும். காசை எடுக்கும்போது அவன் புதியவன் அல்லன்.

கேளிகொட்டும் இதுவும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பெட்டி, வழிப்போக்கனை அழைக்கிறது. கேளிகொட்டு, ஏற்கெனவே கதை தெரிந்தவர்களை அழைக்கிறது. யாரை அழைக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளாத தொடக்கம் இரண்டு பேருக்கும் உதவாது. எங்கள் வகுப்பிலும் இந்தக் கேள்வி எழுந்தது. கண்ணகியை அறிந்த பாட்டிக்கா, அவள் பெயரை மட்டும் கேட்டிருக்கும் பேரனுக்கா? பேரனுக்கு என்று முடிவு செய்தோம். பிறகு மற்ற முடிவுகள் எளிதாயின.

2. இந்த உலகத்தின் சட்டம் என்ன?

கூத்துமாடம் என்பது கோவிலுக்கு எதிரே தனியாகக் கட்டப்பட்ட நீண்ட மண்டபம். ஏறத்தாழ 42 அடி நீளம் இருக்கும். அதன் முகப்பில் திரைச்சீலை கட்டுவார்கள். மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்புத் துணி. பின்னால் வரிசையாக 21 விளக்குகள். தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரியிட்டவை. சந்நிதி விளக்கிலிருந்து கொண்டுவந்த தீயால்தான் அவற்றை ஏற்றுவார்கள். வெளிச்சப்பாடு வந்து அருள்வாக்குச் சொல்லி, கூத்து நடத்த அனுமதி தருவார்.

பிறகு கணபதி பாவை திரையில் ஏறும். பாவைகளை முள்ளால் திரையில் குத்தி நிறுத்துவது வழக்கம். அடுத்துப் பட்டர் பாவைகள் வரும். அவை தெய்வங்களையும் குருமார்களையும் வாழ்த்தும். அன்றைய கூத்தை நேர்ந்துகொண்டு நடத்துகிறவரின் குடும்பத்துக்கு ஆசி கூறும். இத்தனைக்கும் பிறகே கதை வரும்.

அவசரக்காரர் கண்ணுக்கு இவையெல்லாம் வெறும் சடங்கு. சற்றுப் பொறுமையாகப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு விதியைக் கற்பிப்பது தெரியும். வெள்ளைத் துணியில் விழும் நிழல்தான் உயிர், கறுப்புக்குக் கீழே ஒன்றும் நடக்காது என்பதை விளக்கும் துணியும் சொல்லிவிடுகின்றன. அசையாமல் நிற்கும் பாவையும் பேசும், அதற்காகக் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதைப் பட்டர் பாவைகள் பழக்கிவிடுகின்றன. தொலைவில் கேட்கும் குரல் திரையில் நிற்கும் தோலுக்கு உரியது என்று ஒப்புக்கொள்ளக் கண்ணுக்கும் காதுக்கும் சிறிது நேரம் வேண்டும். பட்டர்கள் அந்த நேரத்தை வாங்கித் தருகிறார்கள். சூர்ப்பணகை வரும்போது நாம் துணியையும் முள்ளையும் மறந்திருப்போம்.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998-இல் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப்' இதே வேலையை வேறு விதமாகச் செய்தது. ஆட்டம் தொடங்கியதும் நீங்கள் ஒரு தொங்கு வண்டியில் இருக்கிறீர்கள். அது ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தின் உள்ளே மெல்லப் போகிறது. உங்களால் இறங்க முடியாது. ஆனால் வண்டிக்குள் நடக்கலாம், எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். வெளியே ஆட்கள் வேலை செய்கிறார்கள், இயந்திரங்கள் நகர்கின்றன, ஒலிபெருக்கி பேசுகிறது. சண்டை எதுவும் இல்லை. ஆனால் வண்டி நிற்கும்போது மூன்று விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இடம் மிகப் பெரியது. நான் இங்கே வேலை பார்ப்பவன். என் கண் எப்போதும் என் வசத்தில்தான் இருக்கும், கதை சொல்கிறவன் அதைப் பறிக்க மாட்டான். இந்த மூன்றாவதுதான் முக்கியம். அந்த விளையாட்டு முழுவதும் நடக்கும் ஒப்பந்தம் அது. வண்டியிலேயே கையெழுத்தாகிவிட்டது.

3. கையால் கற்பது

இதுவரை சொன்னது கூத்துக்கும் விளையாட்டுக்கும் பொது. இனிச் சொல்வது விளையாட்டுக்கு மட்டுமே உரியது. கூத்துக்கு வந்தவர் காண்கிறார், கேட்கிறார். விளையாட வந்தவர் செய்கிறார். ஆகவே அவருக்குச் சட்டத்தைச் சொன்னால் போதாது. செய்யவைத்துக் காட்ட வேண்டும்.

இதற்கு உலகெங்கும் பாடமாகச் சொல்லப்படுவது 1985-இல் ஜப்பானின் நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதல் கட்டம். அமைத்தவர்கள் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும். மாரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான். வலப்பக்கம் முழுவதும் வெறுமை. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவையும் இல்லை. கொஞ்ச தூரத்தில் கேள்விக்குறி போட்ட ஒரு கட்டி மின்னுகிறது. எதிரே கோபமுகத்தோடு ஒன்று நடந்து வருகிறது. சும்மா நின்றால் அது மோதும், மாரியோ சாவான். ஆனால் ஆட்டம் தொடங்கிச் சில வினாடிகளே ஆகியிருப்பதால் நட்டம் இல்லை. மறுபடி வரும்போது பிள்ளை தாவுகிறது. தாவினால் அதைத் தாண்டலாம், அல்லது அதன் தலைமேல் விழுந்து நசுக்கலாம். அல்லது தலை மேலே உள்ள கட்டியில் இடித்துக் காசு பெறலாம்.

அடுத்து ஒரு கட்டியை இடித்ததும் காளான் ஒன்று வெளியே வருகிறது. எதிரியைப் போலவே அதுவும் நகர்வதால் பிள்ளைக்குப் பயம். ஆனால் காளான் வலப்பக்கம் ஓடி, அங்கே நிற்கும் குழாயில் மோதி, திரும்பி மாரியோவை நோக்கியே வருகிறது. தாவித் தப்பலாம் என்றால் தலைக்கு மேலே கட்டிகள் தடுக்கின்றன. பெரும்பாலும் காளான் தொட்டே தீரும். தொட்டதும் மாரியோ வளர்கிறான். 'இது நல்லது' என்று ஒரு சொல் இல்லாமல் கற்பித்தாகிவிட்டது.

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் இதை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறேன். இங்கே நான்கு செய்திகள் உள்ளன. முதல் ஆபத்து தனியாக வருகிறது. முதல் தோல்விக்கு விலை மிகக் குறைவு. முதல் பரிசு தவறாமல் கிடைக்கிறது. விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிக்கத் தடுமாற்றம் என்று முன்பே சொன்னேன். அப்படிப்பட்ட பிள்ளையிடம் தொடக்கத்திலேயே ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை நீட்டினால், அது விளையாட்டை விட்டு மட்டுமல்ல, தமிழை விட்டும் ஒரு படி விலகும். முதலில் கை பழகட்டும். அந்தக் கை வழியாகச் சொல் வரட்டும்.

4. இழக்க என்ன இருக்கிறது?

சிலப்பதிகாரம் மங்கல வாழ்த்துப் பாடலோடு தொடங்குகிறது. திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் பூம்புகாரையும் இளங்கோவடிகள் போற்றுகிறார். அடுத்து வருவது என்ன? திருமணம். கண்ணகிக்கு வயது 12, கோவலனுக்கு 16. ஊரே கூடி வாழ்த்துகிறது. மதுரையும் கொலையும் தீயும் வெகு தூரத்தில் இருக்கின்றன. ஆனால் கவி முதலில் நமக்குத் தருவது, பிறகு பறிபோகப் போகிற பொருளை. திருமணக் கோலத்தில் அவளைப் பார்த்தவர்க்கே, பாண்டியன் அவையில் தலைவிரி கோலமாக அவள் நிற்கும்போது நெஞ்சு பதறும்.

2013-இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற விளையாட்டைச் செய்தவர்கள் சிலப்பதிகாரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வழியில்தான் நடந்திருக்கிறார்கள். ஜோயல் என்ற தந்தைக்கு அவன் மகள் பிறந்தநாள் பரிசாக ஒரு கைக்கடிகாரம் தருகிறாள். அன்றிரவு ஊரில் கொள்ளைநோய் வெடிக்கிறது. விளையாடுபவர் முதலில் ஆவது ஜோயல் அல்ல, அந்தச் சிறுமி. இருட்டு வீட்டில் அப்பாவைத் தேடி அறை அறையாக நடப்பது நாம். அந்த இரவு முடிவதற்குள் அவள் இறந்துவிடுகிறாள். கதை 20 ஆண்டுகள் கழித்துத் தொடரும்போது, உடைந்துபோன அந்தக் கடிகாரம் ஜோயலின் கையில் இன்னும் இருக்கிறது. யாரும் அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

சிலம்பும் கடிகாரமும் ஒரே இலக்கணத்தைச் சேர்ந்தவை. இழப்பை வசனத்தில் சொல்லாதே. கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளில் வை. அந்தப் பொருளைத் தொடக்கத்திலேயே காட்டிவிடு.

5. முடிவை முதலில் சொல்லலாமா?

'சொன்னால் சுவை போய்விடும்' என்பது பிள்ளைகளின் கட்சி. நம் முன்னோர் வேறு மாதிரி நினைத்திருக்கிறார்கள்.

சிலப்பதிகாரப் பதிகத்தை நினைத்துப் பாருங்கள். துறவியாகிய இளங்கோவடிகள் குணவாயிற் கோட்டத்தில் இருக்கிறார். மலையில் வாழும் குறவர்கள் கூட்டமாக வந்து ஒரு செய்தி சொல்கிறார்கள். வேங்கை மர நிழலில், ஒரு மார்பை இழந்த ஒரு பெண் நின்றாள். தேவர்கள் வந்து அவளை அவள் கணவனோடு விண்ணுக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் கண்ணால் கண்டோம் என்கிறார்கள். அருகில் இருந்த சாத்தனார், 'அவள் யார் என்று எனக்குத் தெரியும்' என்று கோவலன் கதையைச் சுருங்கச் சொல்கிறார். முடிவு மட்டுமன்று, கதையின் எலும்புக்கூடு முழுவதும் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. அரசனையும் அறம் விடாது, கற்புடையவளை உயர்ந்தோரும் போற்றுவர், முன்வினை வந்தே தீரும் என்ற மூன்று உண்மைகளும் சொல்லப்பட்டுவிட்டன.

அப்படியானால் மேலே படிக்கச் செய்வது எது? 'என்ன ஆயிற்று' என்ற கேள்வி போய், 'எப்படி இவ்வளவு தூரம் வந்தது' என்ற கேள்வி பிறக்கிறது. காவிரிக்கரையில் மணம் முடித்த 12 வயதுப் பெண், சேர நாட்டு மலையில், வேங்கை மரத்தடியில், அந்தக் கோலத்தில் வந்து நிற்பது எப்படி? முடிவை அறிந்தவருக்கு ஒவ்வொரு அடியும் கனக்கிறது.

தோல்பாவைக்கூத்தும் இதற்குச் சான்று. கூத்து கோவிலுக்குக் கோவில் 7, 14, 21, 41, 71 நாள் என்று பல அளவில் நடக்கும். பல கோவில்களில் இராமன் பிறப்பிலிருந்து தொடங்குவதில்லை. பஞ்சவடியில், ஆரணிய காண்டத்தில் தொடங்குகிறார்கள். அயோத்தி, மிதிலை, கைகேயி எல்லாம் முன்கதை. காடு வந்தாயிற்று, ஆபத்து அருகில் இருக்கிறது, அங்கே முதல் பாவை. எல்லாருக்கும் தெரிந்த கதையை எங்கே வெட்டித் தொடங்குவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

6. நம் நாட்டில் ஒரு முயற்சி

புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற நிறுவனம் 2020-இல் 'ராஜி' என்ற விளையாட்டை வெளியிட்டது. ராஜி என்ற சிறுமியின் தம்பியை அசுரர்கள் தூக்கிப் போகிறார்கள். துர்க்கையும் விஷ்ணுவும் கதையை விவரிக்க, அவள் தம்பியைத் தேடிப் போகிறாள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கதை சொல்லும் இடைக்காட்சிகளை நிழற்பாவை வடிவில் அமைத்திருக்கிறார்கள். தோலும் விளக்கும் இல்லாத கணிப்பொறித் திரையில், நிழற்பாவையின் இலக்கணம் உயிரோடு இருக்கிறது.

கண்ணகி கேம் கேட்ட மாணவர்களுக்கு இந்தத் தொடக்கத்தைத் திரையிட்டுக் காட்டினேன். பிறகு பாலக்காட்டுக் கூத்தின் ஒளிப்பதிவு ஒன்றைக் காட்டினேன். பட்டர் பாவைகள் வந்தபோது ஒரு பையன், "ஐயா, இதை ஸ்கிப் பண்ண முடியாதா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லாமல் இந்தப் பாடம் நிறைவாகாது.

7. யாருக்காக இந்தத் தொடக்கம்?

தோல்பாவைக்கூத்து ஏன் பிறந்தது என்பதற்கு ஒரு மரபுக் கதை உண்டு. இராவணனோடு இராமன் போர் செய்தபோது பத்ரகாளி வேறிடத்தில் தாரிகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே இராவண வதத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அந்தக் குறை தீரவே ஆண்டுதோறும் அவள் சந்நிதிக்கு எதிரே இந்தக் கூத்து நடக்கிறது. முன்னால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேவி இருக்கிறாள். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தக் கூத்தைப் பற்றி 1996-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆள் இல்லாத வெளியைப் பார்த்துப் புலவர்கள் விடிய விடியப் பாடுவதையும், ஒருவருக்கொருவர் கேள்வி எழுப்பிப் பொருள் விரிப்பதையும் அவர் அதில் விரிவாக எழுதியிருக்கிறார்.

தேவிக்கு அவசரம் இல்லை. அவளுக்காகச் செய்யும் தொடக்கத்தை யாரும் குறைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் கூத்து கோவிலை விட்டு வெளியே வந்தபோது நிலைமை மாறியது. கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000) இந்தக் கலையைப் பொது மேடைகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். அவர் மகன் ராமச்சந்திரப் புலவர் 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பல இரவுகள் நடக்கும் கூத்து, மேடையில் ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் கம்பனை அறியாதவராகவும் இருக்கலாம். எதை வெட்டுவது, எதை வைத்திருப்பது?

விளையாட்டு செய்பவர் முன் நிற்பதும் இதே கேள்விதான். என் விடை இது. மரியாதைக்காக மட்டும் இருக்கும் பகுதியைச் சுருக்கலாம். சட்டத்தைக் கற்பிக்கும் பகுதியைச் சுருக்கக் கூடாது. விளக்கேற்றுவது போய்விட்டால் நிழல் வெறும் படமாகிவிடும். இரண்டாம் முறை வருபவர் தாண்டிப் போக வழி வைக்கலாம். முதல் முறை வருபவர் தாண்டத் தோன்றாதபடி, அவர் கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். அந்தப் பையன் கேட்டதற்கு நான் சொன்ன விடையும் இதுவே: "பட்டர் பேசும்போது நீ சும்மா உட்கார்ந்திருக்கிறாய். 21 விளக்கையும் உன்னையே ஏற்றச் சொல்லியிருந்தால் ஸ்கிப் பண்ணுவாயா?" அவன் சற்று யோசித்துவிட்டு, "எண்ணெய் எங்கே ஐயா?" என்றான்.

8. செய்முறை: மங்கலதேவி மலையில் ஒரு தொடக்கம்

இனி நாங்கள் வகுப்பில் அமைத்த தொடக்கத்தைப் பாடமாகத் தருகிறேன்.

குமுளிக்கு அருகே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், 1,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மங்கலதேவி கண்ணகி கோவில் உள்ளது. கண்ணகி விண்ணேறிய இடம் இதுவே என்பது இம்மலைப் பகுதி மக்களின் நம்பிக்கை. ஆண்டில் ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் பக்தர்களுக்கு அனுமதி. இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து விழாவுக்கு ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப்பில் வருவோர் உண்டு. தேனிப் பக்கம் பளியன்குடியிலிருந்து மலையேறி நடந்து வருவோரும் உண்டு. ஒரே கோவிலில் கேரள முறைப்படியும் தமிழ்நாட்டு முறைப்படியும் பூசை நடக்கிறது. எங்கள் வகுப்பில் குமுளிப் பிள்ளைகளுக்கு இது பாட்டி சொன்ன கதை அல்ல, போய்வந்த மலை. எனவே இங்கேயே தொடங்கினோம்.

(அ) நான் யார்? கண்ணகி அல்ல. தினைப்புனம் காக்கும் ஒரு குறச்சிறுமி. அவளுக்கு மதுரையும் தெரியாது, புகாரும் தெரியாது. விளையாடும் பேரனுக்கும் தெரியாது. இருவர் அறியாமையும் ஒரே அளவு.

(ஆ) கை என்ன செய்யும்? கையில் கவண். கிளிகள் தினைமேல் இறங்குகின்றன. கல் எறிந்தால் பறக்கின்றன. நடப்பதும் குறி பார்ப்பதும் இங்கே பழகிவிடும். தவறினால் சில கதிர்கள் போகும். அவ்வளவே.

(இ) சட்டம் மாறும் இடம்: கிளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து போகின்றன, யாரும் கல் எறியாமலே. சிறுமி மேடேறிப் பார்க்கிறாள். பூத்த வேங்கை. அதன் நிழலில் ஒரு பெண். இப்போது அதே பொத்தானை அழுத்தினால் கவண் சுழலாது. "நீங்கள் யார், அம்மா?" என்ற சொல் வரும். எழுத்தாக வரும் முதல் தமிழ்ச் சொற்றொடர் அதுதான். அதைப் படிக்காமல் எந்தப் பிள்ளையும் போகாது.

(ஈ) இழப்பு: அவள் மதுரையின் பெயரையும் கணவனையும் மட்டும் சொல்கிறாள். வானத்திலிருந்து ஒளி இறங்குகிறது. மரத்தடி வெறுமையாகிறது. விழுந்து கிடக்கும் வேங்கைப்பூ ஒன்றைச் சிறுமி எடுத்து முடிந்துகொள்கிறாள். அது கடைசிவரை அவளோடு இருக்கும்.

(உ) வேலை: கண்டதை ஊருக்கும் அரசனுக்கும் சொல்ல வேண்டும். மலையிறங்கும் வழியில், சாத்தர்களும் வணிகர்களும் சொல்லச் சொல்ல, கண்ணகி கதை துண்டு துண்டாக அவளுக்குக் கிடைக்கும்.

இந்த ஐந்தும் ஐந்து நிமிடத்துக்குள் அடங்க வேண்டும் என்று வரம்பு வைத்தோம். முதல் வரைவில் மங்கல வாழ்த்தை முழுவதும் பாட வைக்க வேண்டும் என்று ஒரு மாணவி வாதிட்டாள். கடைசியில் அவளே, மலைமேல் நிலவு எழுவதையும் மழைமேகம் திரள்வதையும் காட்டினால் போதும் என்று ஒரு வழி சொன்னாள். வாழ்த்து சொல்லிலிருந்து காட்சிக்கு மாறியது. பொருள் குறையவில்லை.

குறவர் வந்து சொல்லாவிட்டால் இளங்கோவடிகளின் காப்பியம் இல்லை. அவர்கள் அரசர் அல்லர், புலவர் அல்லர். மலையில் ஒன்றைக் கண்டார்கள், கீழே இறங்கி வந்து தங்கள் மொழியில் சொன்னார்கள். எல்லையில் வாழும் நம் பிள்ளைகளிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவே. கம்பனைச் சொல்லும் கூத்துமாடம் ஒரு பக்கம், கண்ணகியின் மலை மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறவர்கள் கண்டதைச் சொல்லத் தமிழ் வேண்டும். விளையாட்டின் வழியாக அது வந்தால் நான் மறுக்க மாட்டேன்.

பயிற்சி

1. உங்கள் வீட்டுப் பிள்ளை விரும்பி ஆடும் ஒரு விளையாட்டின் முதல் ஐந்து நிமிடத்தை உடனிருந்து பாருங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளில் எவற்றுக்கு விடை கிடைக்கிறது?

2. அந்தத் தொடக்கத்தில் எழுத்தை எல்லாம் மறைத்துவிட்டால் எவ்வளவு புரியும்?

3. நீங்கள் அறிந்த ஒரு கதையை (நல்லதங்காள், மதுரைவீரன், உங்கள் எஸ்டேட்டில் சொல்லப்படும் கதை எதுவானாலும் சரி) எடுத்துக்கொள்ளுங்கள். அதை எங்கே வெட்டித் தொடங்குவீர்கள்? விளையாடுபவர் யாராக இருப்பார்? அவர் கையில் என்ன இருக்கும்?

மூன்றாம் கேள்விக்கான விடையைப் பிள்ளைகளே தமிழில், தங்கள் கையெழுத்தில் எழுதட்டும். பிழை இருந்தாலும் திருத்தாமல் சங்க முகவரிக்கு அனுப்புங்கள். வகுப்பில் எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறேன்.